28 வயதில் மைதானத்தின் மூத்த ஆளாகிவிட்ட உணர்வு

உப்பளம்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் 2019 முதல் வேலை செய்கிறேன். புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடிய 2018-19 பருவம் முடிந்த சில மாதங்களில், கல்லூரி முடித்த கையோடு வேலையில் சேர்ந்தேன். அப்போது எனக்கு 22 வயது. கடந்த ஜூனில் 28 நிறைந்தது. அலுவலகத்தில் இன்றுவரை நான்தான் எல்லோருக்கும் இளையவள். "அந்தச் சின்னப் பொண்ணு" என்றுதான் மூத்தவர்கள் என்னைக் குறிப்பிடுவார்கள். அங்கிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துக்கோ துத்திப்பட்டு கிரிக்கெட் மைதானத்துக்கோ போய்ச் சேர்ந்தால், அரை மணி நேரத்துக்குள் என் வயது இரண்டு மடங்காகிவிட்டதுபோல் இருக்கிறது.

முதல் ஆண்டில் 16 வயதுக்குட்பட்ட பையன்களும் பெண்களும் என்னை "அக்கா" என்று அழைத்தார்கள். "அக்கா, பேட்டி எப்ப வரும், போட்டோ வருமா?" என்று கேட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வருவார்கள். எந்த நாளில் அது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது எல்லோருக்கும் நான் "மேடம்". அருகில் வந்து நிற்பதில்லை. பயிற்சியாளரிடம் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். நம் மொழியில் ஒருவருடைய வயதைப் பிறர் சொல்லிக் காட்டுவதற்கு ஓர் எண்ணும் தேவையில்லை, அழைக்கும் சொல் ஒன்றே போதும் என்பதை மைதானத்தில்தான் உணர்ந்தேன்.

மே மாதம் ஒரு கோடைப் பயிற்சி முகாமுக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுள்ள ஒரு பையன் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பேடு கட்டிக்கொண்டிருந்தான். அது அவனுக்குப் பெரிய பேடு; தொடைக்கு மேலே ஏறி நின்றது. ஒட்டும் பட்டைகள் தேய்ந்துபோயிருந்ததால் கணுக்காலருகே ஒரு துணிக்கயிற்றைச் சுற்றி முடிந்திருந்தான். பேட்டின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய ஒரு பெயரின் மேல் கோடு போட்டு, அதன் கீழே இன்னொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது எங்க அண்ணனுது மேடம். நீங்க அவனப் பத்தி எழுதியிருக்கீங்க, அம்மா வெட்டி லேமினேஷன் போட்டு வெச்சிருக்காங்க" என்றான். அண்ணன் இப்போது எந்த அணிக்கு ஆடுகிறார் என்று கேட்டேன். "விட்டுட்டான் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த அண்ணனுக்கு இப்போது அதிகம் போனால் 21 வயது இருக்கும். நான் எழுதிய மூன்று பத்திகள் அவருடைய முழு விளையாட்டு வாழ்க்கையையும் தாண்டி நிற்கின்றன. அன்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்த "விட்டுட்டான்" என்ற சொல் என்னை விடவில்லை.

பெரிய ஆட்டங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி இரவு ஐ.பி.எல். ஆட்டத்தில் வைபவ் சூர்யவன்ஷி 35 பந்துகளில் சதமடித்தபோது பக்கத்தை முடிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அவருடைய பிறந்த தேதியைச் சரிபார்த்தேன்: 2011 மார்ச் 27. அதிலிருந்து ஆறாம் நாள்தான் மும்பையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. எனக்கு அப்போது எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு நேரம். அப்பாவே கணக்குப் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். தோனியின் அந்தக் கடைசி சிக்ஸர் விழுந்ததும் எங்கள் தெரு முழுவதும் வாசலுக்கு வந்து நின்றது. எனக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கும் அந்த இரவில் ஒரு வாரக் குழந்தையாக இருந்தவர், நான் தலைப்பு எழுதும் அளவுக்கு வளர்ந்து நிற்கிறார். அதற்கு முன் 2024 டிசம்பரிலும் இப்படி ஒரு வாரம் வந்தது. 12ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் செஸ் சாம்பியனாகிப் பலகையின் முன்னாலேயே அழுதார். 18ஆம் தேதி பிரிஸ்பேனில் அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வை அறிவித்தார். அஸ்வின் முதல் டெஸ்ட் ஆடிய 2011 நவம்பரில் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஒருவருடைய தொடக்கத்தையும் முடிவையும் முழுதாகப் பார்த்து முடித்துவிட்டேன் என்ற எண்ணம் 28 வயதுக்காரிக்கு வர வேண்டிய எண்ணமா?

வங்கியிலோ பள்ளியிலோ வேலை செய்யும் என் தோழிகளுக்கு இந்த உணர்வு இல்லை. அவர்கள் துறையில் 28 என்பது தொடக்கம். என் துறையிலும் எனக்கு அது தொடக்கம்தான். ஆனால் நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவர்களில் பாதிப் பேருக்கு அது முடிவு. இதழியலில், குறிப்பாக விளையாட்டில், இருக்கும் மற்றவர்களுக்கும் இப்படித் தோன்றியிருக்கிறதா, தோன்றினால் அதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். நானும் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருப்பவன், வயது 33. நீங்கள் மனத்தளவில் சொன்னதை நான் உடலளவில் சொல்கிறேன். மாலை 7.30 மணிக்குத் தொடங்கும் ஐ.பி.எல். ஆட்டம் முடிய 11.30 ஆகும், சில நாள் அதையும் தாண்டும். மாவட்டப் பதிப்புக்கான பக்கத்தை ஆட்டம் பாதியில் இருக்கும்போதே மூடி அனுப்ப வேண்டும். நகரப் பதிப்புக்கு முடிவு போய்ச் சேர வேண்டும். அதனால் "வெற்றி" என்று ஒன்றும் "தோல்வி" என்று ஒன்றுமாக இரண்டு தலைப்புகளை எழுதி வைத்துக்கொண்டு கடைசி ஓவருக்காகக் காத்திருப்போம். ஐரோப்பியக் கால்பந்து என்றால் நள்ளிரவுக்குப் பிறகுதான் ஆட்டமே தொடங்கும். வீடு போய்ச் சேரும்போது கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் ஏலத்துக்குப் போகிறவர்களின் வண்டிகள் எதிரே வரும். அவர்களுக்கு அது விடிகாலை, எனக்கு அது நேற்று. பத்து ஆண்டுகள் இப்படித் தூங்கியவனின் உடம்பு 33 வயது உடம்பாக இருக்க முடியாது. என் மருத்துவரும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு முதலில் என் வயதைத்தான் மறுபடியும் கேட்டார்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. பிறருடைய துக்கத்தை விரைவாக எழுதி முடிக்க வேண்டிய வேலை இது. 2024 ஆகஸ்ட் 7ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு 100 கிராம் கூடுதல் எடையால் தகுதியிழந்தார் என்ற செய்தி வந்தபோது, முந்தைய இரவு நாங்கள் எழுதி வைத்திருந்த பாராட்டுக் கட்டுரை இன்னும் கணினித் திரையில் திறந்தே கிடந்தது. அதை அழித்துவிட்டுப் புதிய கட்டுரையை எழுத எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் அவர் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு 30 வயது நிறையவில்லை. அதையும் எழுதினேன். அன்று எனக்கு ஏற்பட்ட களைப்பு தூக்கத்தால் தீரவில்லை.

முத்தியால்பேட்டை வாசகர் எழுதியது:

நான் பத்திரிகையாளன் அல்லன். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிக்கும் பழக்கமுள்ளவன். மகளே, உங்கள் பதிவைப் படித்தபோது வருத்தமாக இருந்தது, ஆனால் உங்கள் கணக்கில் ஒரு பிழை இருப்பதாக நினைக்கிறேன். விளையாட்டு முழுவதையும் கிரிக்கெட்டின் சிறு வயதுப் பிரிவுகளைக் கொண்டு அளக்கிறீர்கள். ஜேம்ஸ் ஆண்டர்சன் வேகப்பந்து வீசுபவர். 2003இல் முதல் டெஸ்ட் ஆடியவர் 2024 ஜூலை வரை ஆடி 704 விக்கெட்டுகளுடன் விடைபெறும்போது அவருக்கு 42 வயதாகச் சில நாள்களே இருந்தன. ரோகன் போபண்ணா 43 வயதில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் இரட்டையர் பட்டத்தை வென்றார். 1986 முதல் 37 ஆண்டுகள் இந்தியச் செஸ் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த விஸ்வநாதன் ஆனந்தை 2023இல் குகேஷ் முந்தினார் என்பதை எல்லோரும் இளைஞரின் சாதனையாகப் பார்த்தார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அந்த இடத்தை ஒருவர் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

நம் ஊரில் இருக்கும் ஒரு விளையாட்டையும் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற பெத்தாங்க் ஆட்டத்தைப் புதுச்சேரியில் இன்றும் ஆடுகிறார்கள். மண்ணில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றபடி, ஆறிலிருந்து பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறிய மரக்குண்டுக்கு அருகில் இரும்புக் குண்டை எறிய வேண்டும். 13 புள்ளிகளை முதலில் எட்டும் அணி வெல்லும். நான் மாலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் இடத்தில் ஆடுகிறவர்களில் ஒருவருக்கு எழுபதுக்கு மேல் வயது. எறிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குண்டை ஒரு பழைய துண்டால் மணல் போகத் துடைப்பார், ஒரு நொடி கண்ணை மூடுவார், பிறகு உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி மணிக்கட்டை மட்டும் அசைத்து எறிவார். குண்டு விழுந்த இடத்திலேயே நிற்கும். பக்கத்தில் ஆடும் கல்லூரிப் பையன்களின் குண்டுகள் உருண்டு ஓடிவிடும். அவரை அங்கே யாரும் "முன்னாள்" என்று சொல்வதில்லை. உங்கள் பக்கத்தில் இவர்களைப் பற்றிய செய்தியை நான் பார்த்ததில்லை. 16 வயதுக்குட்பட்டோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் 28 முதுமையாகத்தான் தெரியும்.

உப்பளம்காற்று எழுதியது:

ஐயா, நன்றி. பெத்தாங்க் பற்றி நீங்கள் சொன்னது சரியான குறை. ஆசிரியரிடம் கேட்டு அதற்கு இடம் வாங்க முயல்கிறேன், நீங்கள் சொன்ன மாலை நேரத்திலேயே வருகிறேன். ஆனால் ஆண்டர்சனும் போபண்ணாவும் எனக்கு ஆறுதலாக இல்லை என்பதையும் மரியாதையுடன் சொல்ல வேண்டும். அவர்கள் எஞ்சி நின்றவர்கள். 41 வயது வரை ஆடுகிற ஒருவரை நாம் அறிவதற்குக் காரணமே, அவருடன் 16 வயதில் ஆடத் தொடங்கியவர்கள் எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டுப் போனார்கள் என்பதுதான். மாவட்ட நிருபராகிய நான் தினமும் பார்ப்பது அப்படிப் போகிறவர்களைத்தான். தேசிய அணிக்கு எழுதும் செய்தியாளருக்கு ஒரு வீரர் பத்து, பதினைந்து ஆண்டுகள் கிடைப்பார். எனக்கு ஒருவர் மூன்று ஆண்டுகள் கிடைத்தாலே அதிகம்.

பழைய நிருபர் கடலூர் எழுதியது:

இந்த இழையை என் பேரன் படித்துக் காட்டினான். பதிலை நான் சொல்ல அவன் தட்டச்சு செய்கிறான். எனக்கு 67 வயது. 1981இலிருந்து கடலூரில் பகுதி நேர நிருபராக இருந்தேன். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம்; விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் இதற்குள்தான். அரசியல், விபத்து, கோயில் திருவிழா, கபடிப் போட்டி எல்லாம் ஒரே ஆள்தான் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் செய்தியைத் தாளில் எழுதி, படச்சுருளை உள்ளே வைத்து, கவரை ஒட்டிப் பேருந்து நிலையத்துக்கு ஓடுவேன். திருப்பாதிரிப்புலியூரில் நிற்கும் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தால், அது போய்ச் சேரும் ஊரில் அலுவலகப் பையன் வாங்கிக்கொள்வான். அவசரமென்றால் தந்தி. அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நின்றுபோயிற்று.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு 28 வயதானது 1986இல். அந்த ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி சேப்பாக்கத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் சமனில் முடிந்தது. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆனதை மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடை வானொலியில் கேட்டேன். எங்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டு வரை மாவட்ட அணியின் தொடக்க ஆட்டக்காரர். அவருடைய இரண்டு சதங்களை நான் நேரில் பார்த்து எழுதியிருந்தேன். டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்ததை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அப்போது 25 வயது. அப்பா இறந்து கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நீங்கள் சொல்லும் உணர்வு எனக்கு முதன்முதலாக வந்தது அந்த டீக்கடையில்தான். ஆகவே இது உங்கள் தலைமுறைக்கு மட்டும் வந்ததன்று.

ஒரு வேறுபாடு உண்டு. எனக்கு அந்த உணர்வு ஆண்டுக்கு ஒரு முறை வந்தது. நான் பார்த்த வீரர்கள் என் மாவட்டத்து வீரர்கள் மட்டும்தான். மற்றவர்கள் வானொலிக் குரலும் செய்தித்தாள் படமும்தான். உங்களுக்கு உலகத்தின் எல்லாச் சிறுவர்களும் தினமும் கைப்பேசியில் வந்து தங்கள் பிறந்த தேதியைச் சொல்கிறார்கள். ஓய்வு பெறுகிறவர்களும் தினமும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் இருபது ஆண்டுகளில் பார்த்ததை நீங்கள் ஆறு ஆண்டுகளில் பார்த்துவிட்டீர்கள். சோர்வு வராமல் எப்படி இருக்கும்?

இன்னொன்று சொல்ல வேண்டும். "16 வயதுக்குட்பட்டோர்" என்ற பிரிவுக்கு வயதே ஆகாது. 1983இல் பார்த்தாலும் அவர்களுக்கு வயது 15. இன்று போய்ப் பார்த்தாலும் 15. எதிரே இருப்பவர்கள் மாறாமல் நிற்கும்போது நமக்கு மட்டும் நரைக்கிறது. ஆசிரியர்களுக்கும் இது உண்டு, ஆனால் அவர்களிடம் படித்தவர்கள் மேலே போகிறார்கள். நாங்கள் எழுதியவர்களில் பலர் ஆட்டத்தை விட்டுப் போகிறார்கள். என்னிடம் இருந்தது ஒரு பழக்கம்தான். ஆட்டக் குறிப்புகளைப் பென்சிலால் நோட்டில் எழுதி, அந்த நோட்டுகளை எறியாமல் வைத்திருந்தேன். கடலோர ஊரில் மை நிலைக்காது. என் வீட்டைத் தேடி இதுவரை ஏழெட்டுப் பேர் வந்து தங்கள் பழைய ஆட்டங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களில் இருவர் தாத்தாவாகிவிட்டவர்கள்.

கெடிலக்கரை பி.டி. மாஸ்டர் எழுதியது:

கடலூர் மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், வயது 44. பெரியவர் ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னதில் எனக்குச் சற்று மாறுபாடு உண்டு. வகுப்பறை ஆசிரியருக்கு அவர் சொன்னது பொருந்தும். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு தொடங்கியதும் நின்றுவிடுவார்கள். குறுவட்டப் போட்டியில் வென்று மாவட்டத்துக்குத் தேர்வான ஒரு பெண் குழந்தை, மறு வாரம் "ட்யூஷன் சார், அப்பா வேண்டாமுன்னு சொல்லிட்டாரு" என்று சீருடையை மடித்துக் கொண்டுவந்து கொடுக்கும்போது அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது. எங்கள் ஊரிலிருந்து இந்திய மகளிர் கால்பந்து அணியின் நடுக்களம் வரை போன இந்துமதி கதிரேசனைச் சொல்லித்தான் பெற்றோரிடம் வாதாடுவேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதையும் சொல்வேன். சிலர் கேட்பார்கள்.

வயது என்ற பேச்சு எங்கள் துறையில் எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். பிறந்த தேதியைத் திருத்திக் கொண்டுவரும் வழக்கம் இருப்பதால், கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு இடக் கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கிறது. சான்றிதழ் உண்மையாகவே இருந்தாலும் எலும்பு முந்தி வளர்ந்துவிட்ட பையன் அந்தப் பிரிவில் ஆட முடியாமல் போகலாம். எங்கள் பள்ளிப் பையன் ஒருவனுக்கு அப்படி நேர்ந்தது. "என் எலும்புக்கு வயசாயிடுச்சாம் சார்" என்று என்னிடம் வந்து சொன்னான். அவனுக்கு வயது 15. அவனை 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குத் தயார் செய்கிறேன், இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான். ஆகவே சகோதரி, இந்தத் துறையில் வயதைப் பற்றிய கவலை உங்களுக்கு முன்பே உங்கள் செய்தியில் வருகிற பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. பதினைந்து வயதில் நேரம் கடந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் நாள் முழுவதும் நிற்கிற உங்களுக்கும் எனக்கும் அது ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

இதழாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாநிலப் போட்டிக்கு வருகிறீர்கள். குறுவட்டப் போட்டிக்கு யாரும் வருவதில்லை. அந்தப் பெண் குழந்தையின் பெயர் ஒரு வரி வந்திருந்தால் அவளுடைய அப்பாவிடம் காட்ட எனக்கு ஒரு தாள் இருந்திருக்கும்.

இடக்கைச்சுழல் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் உங்களை இன்னும் அக்கா என்றுதான் அழைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் வேலையில் சேர்ந்த ஆண்டில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன பேடு அண்ணன் நான் அல்லன். எனக்குத் தம்பி இல்லை. ஆனால் எங்கள் வீட்டிலும் அதேபோல் லேமினேஷன் போட்ட தாள் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடினேன், 19 வயதில் நிறுத்திவிட்டேன். தோளில் வலி வந்தது. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அதே நேரத்தில் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரண்டில் ஒன்றைத்தான் வீட்டில் தாங்க முடியும். இப்போது எனக்கு 22 வயது. ஷிப்டு வேலை, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை.

எல்லோரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள், ஆகவே நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். கடந்த ஆண்டு கோடை முகாமில் சிறுவர்களுக்குச் சுழல்பந்து சொல்லிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்தச் செய்தியில் நீங்கள் என்னை "முன்னாள் வீரர்" என்று எழுதியிருந்தீர்கள். அது தவறான தகவல் இல்லை. ஆனால் அன்று பேருந்தில் அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டவில்லை. அதை வெட்டி வைக்கவும் இல்லை. 21 வயதில் ஒருவனை முன்னாள் என்று அச்சில் போட்டுவிட்டால் அவன் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து ஆட்டத்துக்குப் போவதற்கும் கூச்சப்படுகிறான். உங்களுக்கு வயதாகிவிட்டதாக நீங்கள் உணர்வதைப் படித்தேன். எனக்கு வயதாகிவிட்டது என்று நீங்கள் எழுதியதை அதற்கு முன்பே படித்திருந்தேன். இதைக் கோபமாக எழுதவில்லை அக்கா.

இன்னொன்று. 2019 செய்தியில் நான் 3 விக்கெட் எடுத்ததாக வந்தது. நான் எடுத்தது 5. அப்போது சொல்லப் பயமாக இருந்தது.

இரவுப்பணி எழுதியது:

தம்பி, "முன்னாள்" என்ற சொல்லை ஒரு நாளில் எத்தனை முறை போடுகிறேன் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். செய்தி திருத்தும் மேசையில் அது இடம் மிச்சப்படுத்தும் சொல். ஒருவரைப் பற்றி மேலும் எழுத வேண்டிய தேவையை அது முடித்துவிடும். நிருபர் வேறு எப்படியாவது எழுதி அனுப்பியிருந்தாலும் என்னைப் போன்றவர்கள்தான் அதை "முன்னாள் வீரர்" என்று சுருக்குவோம். ஆகவே அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு.

உப்பளம்காற்று எழுதியது:

நான்கு நாள்கள் இந்த இழைக்கு வராமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். தம்பி, உங்கள் பதிவைப் படித்த அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் வெறுங்கையோடு எழுத மனம் வரவில்லை. 2019ஆம் ஆண்டு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"முன்னாள்" என்று நான்தான் எழுதினேன். மேசையில் யாரும் மாற்றவில்லை. எழுதும்போது அதைப் பற்றி ஒரு நொடியும் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. மன்னித்துவிடுங்கள். இனி என் செய்திகளில் ஆடிய ஆண்டையும் பிரிவையும் எழுதுவேன்: "2019இல் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடியவர்" என்று. இடம் கூடுதலாகப் பிடித்தாலும் அப்படியே போடச் சொல்லி என் பக்க ஆசிரியரிடம் பேசிவிட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

நோட்டைப் பற்றி. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. என் நோட்டுகள் அலமாரியின் கடைசித் தட்டில் இருந்தன. மொட்டைமாடியில் வெயில் வந்த பிறகு காயவைத்தோம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம்போல் மொரமொரப்பாகிவிட்டன. அதன் பிறகு அவற்றைத் திறந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். திங்கட்கிழமைதான் பெட்டியைத் திறந்தேன். பேனாவால் எழுதிய பேட்டிகள் எல்லாம் நீலக் கறையாகிவிட்டன. யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஆட்டக் கணக்கை மட்டும் பென்சிலால் எழுதியிருந்தேன். கடலூர் மைதானத்தில் ஸ்கோர் எழுதும் ஒரு முதியவர் முதல் நாளே எனக்குப் பென்சில் கொடுத்து, பேனாவை உள்ளே வைக்கச் சொன்னார். கடலூர் ஐயா இங்கே அதையே சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. இட்லிப் பானையின் ஆவியில் சற்று நேரம் காட்டி, சமையலறைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் மெல்லப் பிரித்தேன். உங்கள் பெயருக்கு நேரே உள்ள கட்டங்கள் தெரிகின்றன. மூன்றாவது ஓவரிலும் ஏழாவது ஓவரிலும் ஆறு புள்ளிகளையும் இணைத்து, ரன்னே கொடுக்காத ஓவருக்கான மெய்டன் குறி போட்டிருக்கிறேன். விக்கெட் குறி ஐந்து இருக்கிறது, இரண்டு முறை எண்ணினேன். கடைசி இரண்டும் உங்கள் பத்தாவது ஓவரில், ஒரு பந்து இடைவெளியில். முழுக் கணக்கு இது: 9.4 ஓவர், 2 மெய்டன், 31 ரன், 5 விக்கெட். மாலையில் ஆட்டம் முடிவதற்கு முன்பே தொலைபேசியில் செய்தியைச் சொல்லிவிட்டு, கடைசி இரண்டு விக்கெட்டையும் திருத்தச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உங்கள் தனி அஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கெடிலக்கரை சாருக்கு: அடுத்த குறுவட்டப் போட்டியின் தேதியைத் தெரிவித்தால் முதல் நாளே வருகிறேன். மாணவிகளின் முன்னெழுத்தோடு பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பினால் பிழையில்லாமல் வரும்.

இடக்கைச்சுழல் எழுதியது:

படம் வந்தது அக்கா. அம்மாவிடம் காட்டினேன். கட்டங்களும் புள்ளிகளும் அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு விக்கெட் குறியாகக் கை வைத்துக் காட்டச் சொல்லி ஐந்தையும் எண்ணினார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தில் டென்னிஸ் பந்து ஆட்டம் இருக்கிறது, தோள் தாங்கும் அளவுக்கு இரண்டு ஓவர் வீசலாம் என்று இருக்கிறேன்.